மாலேயில் ஒரு பிழைத்திருத்தல்

மாலத்தீவு விமான நிலையத்தில் நான் இறங்கியது செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு. கைக்கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னால் தள்ளிவைத்தேன். சக்கரம் தரையைத் தொடும் நொடிவரை ஜன்னலில் கடல் மட்டும்தான் தெரிந்தது. பக்கத்து இருக்கைக்காரர் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்ததால் நானும் பயத்தை வெளியே காட்டவில்லை.

சுங்கத்தில் என் பையைத் திறக்கச் சொன்னார்கள். அக்கா கொடுத்தனுப்பிய கறிவேப்பிலைப் பொடி டப்பாவை ஓர் இளம் அதிகாரி மூடியைக் கழற்றி முகர்ந்து பார்த்தார். மூன்று தும்மல். பிறகு தானே மூடியைத் திருகித் திருப்பித் தந்து, போகலாம் என்று கையைக் காட்டினார். பையில் வேறு என்ன இருந்தது என்றால், பொதட்டூர்பேட்டை லுங்கி இரண்டு, கடலை உருண்டை ஒரு கிலோ, இருநூறு பக்க நோட்டு ஒன்று. அந்த நோட்டை அதிகாரி புரட்டக்கூட இல்லை.

நான் போன காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா மகன் தணிகைவேல் மாலேயில் ஒரு கால்பந்துக் கிளப்பில் தடுப்பாட்டக்காரன். நாலு வருடமாக ஆடுகிறான், அதில் இரண்டு வருடமாகக் கேப்டன். பதினைந்து நாளுக்கு முன் ஓர் ஆட்டத்தில் பந்துக்கு எம்பியபோது எதிரணிக்காரன் தலையும் இவன் தலையும் மோதின. கீழே விழுந்து கிடந்தான், எழுந்தான், மிச்ச ஆட்டத்தையும் ஆடினான். அதை யாரோ கைப்பேசியில் எடுத்துப் போட்டிருந்ததை வீட்டில் எல்லோரும் பார்த்தோம். அதன் பிறகு அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"போன்ல ஒரே கேள்விய ரெண்டு தபா கேக்குறாண்டா. நைனா சாப்ட்டாரான்னான். ஆங், சாப்ட்டாருன்னேன். வேற என்னமோ பேசிகினு இருந்துட்டு, நைனா சாப்ட்டாரான்னு மறுபடியும் கேக்குறான். கேட்டதே அவனுக்குத் தெரியல. நீ போய்க் கண்ணால பாத்துட்டு வா."

நைனா என்று அவன் கூப்பிடுகிற அப்பா, அதாவது என் அக்கா புருஷன் முனுசாமி பாவாவுக்கு வீட்டில் நாலு விசைத்தறி. அவர் தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, தான் பஸ்ஸில் திருப்பதி போனாலே தலை சுற்றுகிற ஆள், விமானத்தில் ஏறினால் இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு வரவேண்டியிருக்கும் என்றார். என்னிடம் ஒரு முத்திரையும் விழாத பாஸ்போர்ட் இருந்தது. நான் புறப்பட்டேன்.

விமான நிலையம் ஒரு தனித் தீவு. அங்கிருந்து தலைநகருக்குப் படகில் பத்து நிமிடம். நம் ஊரில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்பதுபோல் அங்கே படகுக்கு நிற்கிறார்கள். சாமான் மூட்டை, சைக்கிள், மீன், மாப்பிள்ளைபோல் உடுத்திய ஓர் ஆள் எல்லாம் ஒரே படகில். கரையில் தணிகைவேல் கறுப்புக் கண்ணாடி போட்டு நின்றிருந்தான். ஆறடி இரண்டு அங்குலம். "வா மாமா" என்று பையை வாங்கிக்கொண்டான். நன்றாகத்தான் இருந்தான். ஆனால் தேநீர்க்கடைக்குள் போய் உட்கார்ந்த பிறகும் கண்ணாடியைக் கழற்றவில்லை. தேநீரில் சர்க்கரை போட்டுக் கலக்கினான், ஒரு வாய் குடித்தான், மறுபடியும் போட்டான். நான் அதைக் குறித்துக்கொண்டேன்.

குறித்துக்கொள்வது என் தொழில். திருத்தணியில் பத்திர எழுத்தனாக இருபத்தேழு வருடம். தணிகைவேல் என் வீட்டில் தங்கித்தான் மேல்நிலைப் பள்ளியில் படித்தான், பந்து பழகினான். வேகமாக ஓடுகிறவன் இல்லை. பந்து எங்கே வரப்போகிறதோ அங்கே முன்கூட்டியே போய் நிற்கிறவன். அதனால் பின்வரிசையில் போட்டார்கள். பள்ளியிலிருந்து சென்னை லீக், பிறகு கல்கத்தா, கோவா, கடைசியாக இந்தத் தீவு. எங்கே இருந்தாலும் ஆட்டம் முடிந்ததும் எனக்குப் போன் செய்து சொல்வான். யாரோடு, எத்தனை நிமிடம், என்ன அடி என்று அன்றன்றே என் நாட்குறிப்பில் எழுதிவைத்துவிடுவேன். அவன் ஆட்டங்களை மட்டும் தனியே பிரதியெடுத்ததுதான் பையில் இருந்த நோட்டு. ஆடி ஓய்கிற நாளில் கொடுப்பதாக எண்ணம். இந்தப் பயணத்தில் எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துவந்தேன்.

புதன்கிழமை கிருத்திகை. கிருத்திகையில் நான் சைவம். அந்த ஊரில் சைவமாக ஒரு நாளைக் கழிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நம் சமோசா மாதிரி ஒன்று, போண்டா மாதிரி ஒன்று, அடை மாதிரி ஒன்று இருந்தன. மூன்றிலும் மீன். காலைச் சிற்றுண்டியே தேங்காய்த் துருவலோடு பிசைந்த மீன்தான், ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள. பரிமாறுகிற வங்காளத்துப் பிள்ளை என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, வெறும் ரொட்டியும் சர்க்கரையும் வைத்தான். கறிவேப்பிலைப் பொடியை அறையில் விட்டுவந்ததற்கு அன்று முழுக்க வருந்தினேன்.

மாலையில் பயிற்சி பார்க்கப் போனோம். பத்திரத்தில் சொத்தின் நான்கு எல்லைகளை எழுதுவதைச் செக்குபந்தி என்போம். மைதானத்துக்குச் செக்குபந்தி எழுதுவதென்றால் கிழக்கில் கடல், மேற்கில் அடுக்குமாடிகள், வடக்கில் ஸ்கூட்டர்கள் ஓயாத சாலை, தெற்கில் தேநீர்க்கடை. டாக்டர் அனுமதி வரும்வரை பந்தைத் தொடக்கூடாது என்பதால் தணிகைவேல் கோட்டுக்கு வெளியே நின்றான். உள்ளே தடுப்பு வரிசையில் நாலு பேர். அவர்கள் நூல் பிடித்தாற்போல் ஒரே கோட்டில் ஏறி இறங்கவேண்டும். ஒருவன் ஓரடி பின்தங்கினாலும் எதிரணிக்காரன் ஆஃப்சைடில் மாட்டாமல் தப்பிவிடுவான். அந்தக் கோட்டை வாயால் இழுத்துப் பிடிப்பதுதான் கேப்டனின் வேலை.

கிளப்பில் சட்டை, பூட்ஸ் பார்த்துக்கொள்கிற ஹசன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அறுபது வயது. என் குடையைப் பார்த்து, மழைக்கா வெயிலுக்கா என்றார். இரண்டுக்கும் என்றேன். அப்படியானால் நீங்களும் தடுப்பாட்டக்காரர்தான் என்றார் இந்தியில். பிறகு தணிகைவேலைக் காட்டி, "இந்த வாய் ஓய்ந்தால் எங்களுக்குக் கோல் விழும். பதினைந்து நாளாக ஓய்ந்திருக்கிறது" என்றார். சத்தம் போட்டால் மண்டைக்குள் இடிக்கிறது என்று தணிகைவேல் அவரிடம் சொன்னானாம். என்னிடம் சொல்லவில்லை.

அவன் அறை பக்கத்துத் தீவான வில்லிமாலேயில். அங்கே கார் கிடையாது, மரம் உண்டு. இருட்டுவதற்கு முன் கடற்கரையில் நடந்தோம். ஞாயிறு கடைசி ஆட்டம் என்றான். அத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. ஆடினால் இன்னொரு வருடம் போடுவார்கள், ஆடாவிட்டால் முப்பத்திமூன்று வயதுத் தடுப்பாட்டக்காரனை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

"நாளைக்கு டாக்டரம்மா கேப்பாங்க மாமா, இதுக்கு முன்ன தலைல அடிபட்டு இருக்குதான்னு. இல்லன்னு சொல்லிடுவேன். ஃபைல்லயும் அப்படித்தான் இருக்குது. நீ எழுதுனதுதான அது. நீ சும்மா உக்காந்துகினு இரு, போதும்."

நீ எழுதியதுதானே. அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. மீன் காரணம் இல்லை.

அவனுக்குப் பதினேழு வயதில் திருத்தணிப் பள்ளி மைதானத்தில் கோல் கம்பத்தில் மோதி நினைவிழந்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனது நான். மூன்று வாரம் கழித்துச் சென்னைக் கிளப்பின் விண்ணப்பம் வந்தது. வீட்டில் எல்லாப் படிவமும் நான்தான் நிரப்புவேன். எட்டாவது கேள்வி, தலையில் பலமாக அடிபட்டது உண்டா என்பது. உண்டு என்று எழுதினால் எடுக்க மாட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். இல்லை என்று எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல், அழகான கையெழுத்தில். அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கோப்பில் கட்டிக் கொடுத்தேன். அந்தக் கோப்பு கிளப் கிளப்பாக அவனோடு போயிருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் புதுப் படிவத்துக்கு அதைப் பார்த்துத்தான் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு மருத்துவமனை. டாக்டர் கேரளத்துப் பெண்மணி, கொஞ்சம் தமிழ் பேசினார். அஞ்சு வார்த்தை சொல்லி, பிறகு திருப்பிச் சொல்லச் சொன்னார். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். ஒற்றைக்காலில் நிற்கவைத்தார். எல்லாவற்றிலும் தேறினான். அறையில் இரண்டு நாளாகக் கண்ணாடி முன்னால் டிசம்பர், நவம்பர் என்று பழகிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். தலைவலி இல்லை என்றான். வெளிச்சம் கூசவில்லை என்றான். இதற்கு முன் அடிபட்டதில்லை என்றான். டாக்டர் கோப்பில் என் கையெழுத்துப் பக்கத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, மாமாதானே, நீங்கள் ஏதாவது சொல்லவேண்டுமா என்றார்.

"ஃபைலில் இருப்பதுதான்" என்றேன். பொய்யும் சொல்லாமல் உண்மையும் சொல்லாமல் எழுத எங்கள் தொழிலில் பழக்கம் உண்டு.

முதல் அடி என்பதால் ஆடலாம், மாலை ஐந்து மணிக்குள் கிளப்புக்குக் கடிதம் தந்துவிடுகிறேன் என்றார். தணிகைவேல் என் தோளை அழுத்திவிட்டு அணிக்கூட்டத்துக்குப் போனான். நான் வில்லிமாலே போகப் படகில் ஏறினேன்.

ஏறியது விமான நிலையப் படகு. என் வாழ்க்கையில் தப்பு வண்டியில் ஏறியது அதுதான் முதல் தடவை. திருத்தணி ஸ்டேஷனில் நின்றுகொண்டிருக்கிற ரயிலைக்கூட இரண்டு பேரைக் கேட்டுத்தான் ஏறுவேன். இறங்கியதும் ஒரு போர்ட்டர் ஓடிவந்து, சாமான் எங்கே என்றார். சாமான் இல்லை என்றேன். எந்த விமானம் என்றார். விமானமும் இல்லை என்றேன். கையில் குடையோடு நின்ற என்னை அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, அடுத்த படகு வரும்வரை நிழலில் உட்காருங்கள் என்று இடம் காட்டினார்.

இருபது நிமிடம் அங்கே உட்கார்ந்திருந்தேன். எதிரே வருகிறவர்களும் போகிறவர்களுமாக இருந்தார்கள். ஒரு சக்கர நாற்காலியில் ஒரு பெரியவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள், அவர் யாரையும் பார்க்காமல் போனார். பெரியவருக்கு என்ன உடம்போ எனக்குத் தெரியாது. ஆனால் தணிகைவேலை அழைத்துக்கொண்டு இந்த வாசலில் எப்படிப் போகப்போகிறேன், அக்காவிடம் என்ன சொல்லப்போகிறேன் என்பதைத் தவிர வேறு நினைவு வரவில்லை. திரும்பி மாலே, அங்கிருந்து சரியான படகில் வில்லிமாலே. இந்தத் தடவை மூன்று பேரைக் கேட்டேன். நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் மாலே வந்தபோது மணி மூன்று பத்து.

அவனுக்குத் தெரியாமல் டாக்டரிடம் போக மனமில்லை. மருத்துவமனைக்கு எதிர்த் தேநீர்க்கடைக்கு வரச்சொல்லி, அவன் தலையில் அடிபட்டதை எழுதிய நாலு பக்கத்திலும் அடையாளத்துக்குக் காகிதம் சொருகிய நோட்டை மேஜைமேல் வைத்தேன். எட்டாவது கேள்வியைத் திருத்தப்போகிறேன் என்றேன்.

அவனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. "பதினாறு வருசமா இதுக்காகத்தான் எழுதிகினு இருந்தியா மாமா, என் கால வாரத்துக்கு?" என்றான். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஞாயித்துக்கெழம ஒரு ஆட்டம். தொண்ணூறு நிமிசம். அதுவரைக்கும் உன் நோட்டு பொறுக்காதா?"

"முதல் காகிதம் இருக்கிற பக்கத்தை மட்டும் படி" என்றேன். "படித்துவிட்டு நீ சொல்கிறபடி செய்கிறேன்."

வேண்டாவெறுப்பாகத் திறந்தான். பள்ளி மைதானம். கம்பத்தில் மோதியது மாலை ஐந்து இருபது. கண் விழித்தது ஐந்து முப்பத்தொன்று. ஆஸ்பத்திரியில் நைனா வந்துட்டாரா என்று கேட்டான். பக்கத்திலேயே நிற்கிறார் என்று சொன்னோம். கால் மணி கழித்து நைனா வந்துட்டாரா என்று மறுபடியும் கேட்டான். ஏழு மணிக்குள் ஆறு தடவை கேட்டான். பாவா வெளியே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தான்.

"இது எனக்கு ஞாபகமே இல்ல மாமா. வீட்டுக்கு வந்து இட்லி துன்னதுதான் ஞாபகம்."

"போன வாரம் உங்கம்மாவிடமும் இரண்டு தடவை கேட்டாய்."

"என்னான்னு?"

சொன்னேன். அவன் தேநீரைத் தள்ளிவைத்தான். அப்புறம் காகிதம் சொருகிய மற்ற மூன்று பக்கங்களையும் பார்த்தான். சென்னையில் தலையில் இடித்த முழங்கை, கல்கத்தாவில் மழையில் மோதல், கோவாவில் நெற்றியில் அடித்த பந்து. எல்லாம் அவனே போனில் சிரித்துக்கொண்டு சொன்னவை. நோட்டை மூடித் தானே கையில் எடுத்துக்கொண்டான். "டாக்டரம்மாவுக்குத் தமிழ் படிக்கவராது. நான் படிச்சிக் காட்டுறேன். எழுந்திரு, மணியாவுது."

நாலு இருபதுக்கு டாக்டர் முன்னால் அவன் நின்றபடியே நாலு பக்கத்தையும் படித்தான், ஒரு வரி தமிழில், ஒரு வரி ஆங்கிலத்தில். தலைவலி இருக்கிறது, வெளிச்சம் கூசுகிறது என்பதையும் சொன்னான். டாக்டர் திட்டவில்லை. பாதி எழுதியிருந்த கடிதத்தை இரண்டாகக் கிழித்தார். ஸ்கேனுக்கு எழுதினார். பிறகு என்னிடம் ஒரு வெள்ளைத்தாள் தந்து, கோப்பில் சேர்க்க எழுதிக் கொடுங்கள் என்றார்.

பதிந்த பத்திரத்தில் பிழை இருந்தால் பழைய எழுத்தைச் சுரண்டக்கூடாது. தனியே பிழைத்திருத்தல் பத்திரம் எழுதி அதனோடு சேர்க்கவேண்டும். அப்படியே எழுதினேன். இன்ன படிவத்தில் எட்டாவது கேள்விக்கு இல்லை என்று என் கையால் எழுதியது தவறு, அதை உண்டு என்றும், அதன்பிறகு இன்னும் மூன்று முறை என்றும் திருத்தி வாசிக்கவேண்டியது. கீழே கையெழுத்திட்டேன். சாட்சி என்று போட்டுத் தணிகைவேலிடம் நீட்டினேன். அவனும் போட்டான்.

ஸ்கேன் அன்று மாலையே எடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை, முடிவு சனிக்கிழமைதான். கடைகள் மூடி, ஸ்கூட்டர்கள்கூடக் குறைந்து, தொழுகை முடிந்து வெள்ளைச் சட்டைகள் தெருவில் கலைந்துபோவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பகலெல்லாம் தூங்கினான். எழுந்தபோது கடலை உருண்டை அஞ்சு சாப்பிட்டான். அன்றைக்கு என் நாட்குறிப்பில் மூன்று வரிதான்.

சனிக்கிழமை ஒன்பது ஐம்பதுக்கு டாக்டர் முடிவைச் சொன்னார். உள்ளே ரத்தக்கசிவு இல்லை, வீக்கம் இல்லை. ஓய்வு எடுத்தால் சரியாகிவிடும். ஆனால் இந்த நிலையில் ஞாயிற்றுக்கிழமை இன்னோர் அடி விழுந்திருந்தால் இதே வார்த்தையைத் தன்னால் சொல்லியிருக்க முடியாது என்றார். குறைந்தது மூன்று வாரம் பந்து, சத்தம், ஓட்டம் எதுவும் கூடாது. அதன்பிறகு ஆடுவதா வேண்டாமா என்பதை மறுபடியும் பார்த்துத்தான் சொல்லவேண்டும். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம். அவன் என் குடையை விரித்து இருவருக்கும் நடுவில் பிடித்தான். மழையும் இல்லை, அங்கே வெயிலும் இல்லை.

ஞாயிறு ஆட்டத்துக்குப் போனோம். உடை மாற்றும் அறையில் கேப்டன் கைப்பட்டையை இடப்பக்கத் தடுப்பாட்டக்காரனின் கையில் தணிகைவேலே கட்டிவிட்டதாக ஹசன் சொன்னார். பிறகு எங்களோடு ஓரத்தில் உட்கார்ந்தான். சத்தம் போடக்கூடாது அல்லவா? வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வலது கையை மட்டும் உயர்த்தினான். உள்ளே கைப்பட்டை கட்டியிருந்த பையன் அடிக்கடி இந்தப் பக்கம் பார்த்தான். கை உயர்ந்தால் நாலு பேரும் முன்னால் ஏறினார்கள், தாழ்ந்தால் இறங்கினார்கள். முன்வரிசைக்காரர்கள் மூன்று வாய்ப்பைக் கோட்டைவிட்டார்கள். கூட்டம் பல்லைக் கடித்தது. கோல் ஒன்றுமில்லாமல் ஆட்டம் முடிந்தது, ஜெயித்திருந்தால் கிடைத்திருக்கும் கோப்பை வேறு கிளப்புக்குப் போயிற்று. ஹசன் மட்டும், வாய் ஓய்ந்தும் கோல் விழவில்லையே என்று தணிகைவேலை விடாமல் கேலி செய்துகொண்டு வந்தார். அவன் சிரித்தான். ஒப்பந்தத்தைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை.

திங்கட்கிழமை அவனையும் அழைத்துக்கொண்டு திரும்பினேன். சாமான் எங்கே என்று கேட்ட அதே போர்ட்டர் இந்தத் தடவை இரண்டு பெட்டியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

ஊரில் ஒரு சிக்கலை யாரும் யோசித்திருக்கவில்லை. டாக்டர் சத்தம் கூடாது என்றார். பொதட்டூர்பேட்டையில் பாவா தன் தறிகளை நிறுத்தலாம், தெரு முழுக்க ஓடுகிற தறிகளை யார் நிறுத்துவது? அதனால் திருத்தணியில் என் வீட்டுப் பின்னறையில்தான் இருக்கிறான். அக்கா நாள் தவறாமல் தூக்குப்பாத்திரத்தோடு பத்து மணி பஸ்ஸில் வந்து நாலு மணி பஸ்ஸில் போகிறாள். "பந்த நீ உதைச்ச, பஸ்ல நான் அலையுறேன்" என்று அவனைத் திட்டுவதில் அவளுக்கு உடம்பு தேறிவருகிறது. நேற்று கிளப்பிலிருந்து ஹசன் கூப்பிட்டார். புதுக் கேப்டன் ஒவ்வொரு பயிற்சிக்கும் வாசல் பக்கம் பார்க்கிறானாம். அடுத்த வருடம் வரிசையைப் பழக்க ஆள் வேண்டும் என்று பேச்சு அடிபடுகிறதாம். பேச்சுதான். எழுத்தில் வந்தால் எழுதுவேன்.

இன்று மாலை அக்கா ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாள். அவன் விளக்கைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி இல்லாமல் உட்கார்ந்திருந்தான். பஸ்ஸில் இடம் கிடைத்ததா என்றான். நைனா சாப்ட்டாரா என்றான். அவள் என்ன சொன்னாளோ, சிரித்தான். பிறகு தறிக்கு வந்த புது நூல், பக்கத்து வீட்டுக் கல்யாணம், நாளைக்கு என்ன குழம்பு என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. நான் எதிரே நாட்குறிப்பைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினேழு நிமிடம் பேசினான். சரிம்மா, வைக்கிறேன் என்று வைத்தான்.

ஒரு தடவைதான் கேட்டான். எழுதிக்கொண்டேன்.